வெறும் டப்பாவைத் திருப்பிக் கொடுக்காதே

டிசம்பர் பிறந்ததும், தமிழ்நாடு கேரள எல்லையில் இருக்கும் எங்கள் குமுளி கடைத்தெருவில் காகித நட்சத்திரங்கள் தொங்க ஆரம்பித்துவிடும். சிவப்பிலும் வெள்ளையிலும், உள்ளே பல்பு வைப்பதற்கு ஓட்டை போட்ட பெரிய பெரிய நட்சத்திரங்கள். அதற்கு முன்பே, கார்த்திகை முதல் தேதியிலிருந்து, ஐயப்ப சாமிகளின் வண்டிகள் கம்பம் பக்கமிருந்து வரிசையாக மலையேறிக்கொண்டிருக்கும். சிப்ஸ் கடைகளில் தேங்காய் எண்ணெய் விடிய விடியக் கொதிக்கும். பேக்கரி வாசலில் கேக் பெட்டிகளை ஆள் உயரத்துக்கு அடுக்கிவிடுவார்கள். கிறிஸ்துமஸ், புது வருசம், மகரவிளக்கு, அப்புறம் கீழே கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக்கின் பிறந்தநாளான ஜனவரி 15-ஐ ஒட்டி விவசாயிகள் வைக்கும் பொங்கல் என்று இரண்டு மாதத்துக்கு மலையும் பள்ளமும் விழாக்கோலமாகவே இருக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன் இதே தெருவில் நட்சத்திரம் வாங்கப் போனேன். "எத்தனை டீச்சர்?" என்று கடைக்காரர் கேட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை. அப்படியே திரும்பி வந்துவிட்டேன். வருடா வருடம் இரண்டு வாங்குவேன். ஒன்று குமுளியில் எங்கள் வீட்டுக்கு, இன்னொன்று வண்டிப்பெரியாறு பக்கம் லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில் இருந்த அம்மாவுக்கு. அந்த மார்ச்சில் அம்மா போய்ச் சேர்ந்திருந்தாள்.

ஊரெல்லாம் சிரிக்கும் மாதத்தில் துக்கம் கூடுதலாகக் கனக்கும். மற்ற மாதங்களில் வேலை, பள்ளிக்கூடம், பிள்ளைகளின் பரீட்சை என்று நாள் ஓடிவிடும். பண்டிகை வந்தால் பழக்கம் கையைப் பிடித்து இழுக்கும். யாருக்கு என்ன வாங்குவது, யார் வீட்டுக்கு முதலில் போவது என்று உடம்புக்கே தெரிந்திருக்கும் வேலைகள் ஒவ்வொன்றாக எழுந்து வரும். அதில் ஒரு பெயர் மட்டும் இருக்காது. அந்த டிசம்பரில் இரவுத் தூக்கம் போனது. கரோல் குழு தெருவில் வருவது காதில் விழுந்தால் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

அன்புக்குக் குறைவிருந்தது என்று சொல்ல மாட்டேன். கூட வேலை பார்க்கும் டீச்சர்கள் முறை வைத்துக்கொண்டு சாப்பாடு கொண்டு வந்தார்கள். பக்கத்து வீட்டு சேச்சி தினமும் காலையில் புட்டும் கடலையும் கொடுத்தனுப்பினார். "நீ ஒண்ணும் செய்யாதே, சும்மா உட்காரு, நாங்க பாத்துக்கறோம்" என்பதுதான் எல்லோரும் சொன்னது. நானும் உட்கார்ந்தேன். பாத்திரங்களைக் கழுவி, வெறுமனே திருப்பிக் கொடுத்தேன். அம்மா இருந்திருந்தால் அதை நடக்க விட்டிருக்க மாட்டாள். வாங்கின பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டில் ஜெபம் மாதிரி. ஒரு பிடி சீனியாவது, நாலு கறிவேப்பிலைக் கொத்தாவது உள்ளே இருக்க வேண்டும். எனக்கு அது நினைவுக்கே வரவில்லை. எவ்வளவு தூரம் விழுந்து கிடந்திருக்கிறேன் என்பது இப்போது திரும்பிப் பார்த்தால் அதில்தான் தெரிகிறது.

அம்மாவின் இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

நான் பிறந்தது பீர்மேடு தாலுகாவில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். வரிசையாக எட்டு வீடுகள், வீட்டுக்கு ஓர் அறை, ஓர் அடுப்படி, முன்னால் குறுகிய வராந்தா. நடுச்சுவர் உயரம் கம்மி. இந்த வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் சுக்குத் தண்ணி வைப்பார்கள். தாத்தா சங்கரன்கோவில் பக்கமிருந்து தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணியோடு மலையேறியவர். எட்டாம் நம்பரில் இருந்த பெரியம்மாவின் குடும்பம் கம்பத்துக்காரர்கள். நாங்கள் சி.எஸ்.ஐ. கிறிஸ்தவர்கள், அவர்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டு அச்சு முறுக்கு எல்லா வீட்டுக்கும் போகும். தைப்பொங்கலுக்கு அவர்கள் வீட்டுச் சர்க்கரைப் பொங்கல் எல்லா வீட்டுக்கும் வரும்.

2000-ஆம் ஆண்டை ஒட்டித் தேயிலை விலை விழுந்து, எங்கள் தாலுகாவில் தோட்டங்கள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன. எங்கள் தோட்டமும் பூட்டியது. சம்பளப் பாக்கி, போனஸ், கிராஜுவிட்டி என்று எல்லாம் அப்படியே நின்றன. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஆண்கள் வேலை தேடிக் கீழே இறங்கினார்கள். பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் செடியைப் பங்கு பிரித்துக் கொழுந்து கிள்ளி வெளியே விற்றார்கள். பலசரக்குக் கடைப் பற்று நோட்டில் இடமே இல்லாமல் போனது. கப்பை என்கிற மரவள்ளிக்கிழங்கும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தி என்கிற துவையலும்தான் மூன்று வேளைக்கும்.

அந்த டிசம்பரில் இரண்டு பேர் எங்கள் லயத்துக்கு அரிசி கொண்டு வந்தார்கள்.

முதலில் வந்தது வெளியூர்க் குழு ஒன்று. நல்ல மனசோடுதான் வந்திருப்பார்கள், அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. வேனைத் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் மஸ்டர் ஆபீஸ் முன்னால் நிறுத்தி எங்களை வரிசையில் நிற்க வைத்தார்கள். ஐந்து கிலோ பையைக் கையில் கொடுத்து, "இங்க பாருங்க, கொஞ்சம் சிரிங்க" என்று சொல்லிப் படம் எடுத்தார்கள். அம்மா ஓடிப்போய் வீட்டிலிருந்து நாலு சௌசௌக்காய் எடுத்து வந்து நீட்டினாள். எங்கள் லயத்துக் கொல்லையில் எதுவுமே இல்லாத நாளிலும் சௌசௌ மட்டும் கொடியில் தொங்கும். "ஐயோ, வேண்டாம்மா, நீங்களே கஷ்டத்துல இருக்கீங்க, வச்சுக்கோங்க" என்று கையைத் தள்ளிவிட்டார்கள். இரக்கத்தில் சொன்னதுதான். அம்மாவின் முகம் அப்படியே சுருங்கியது. அந்தக் குழு மறுபடி வந்தபோது அவள் போகவில்லை, என்னைத்தான் அனுப்பினாள்.

இரண்டாவதாக வந்தவர் வண்டிப்பெரியாறில் இருந்த ரிட்டயர்ட் வாத்தியார். ஜீப்பில் ஒரு மூட்டை அரிசியோடு வந்தவர், மூட்டையைப் பெரியம்மாவிடம் ஒப்படைத்து, "யாருக்கு எவ்வளவுன்னு உங்களுக்குத்தான் தெரியும்" என்றார். எங்கள் வராந்தாவில் உட்கார்ந்து அம்மா கொடுத்த கட்டஞ்சாயாவை, பால் விடாத தேநீரை, குடித்தார். சர்க்கரை கிடையாது, ஒரு துண்டு வெல்லத்தைக் கடித்துக்கொண்டு குடிக்க வேண்டும். கிளம்பும்போது அம்மா அதே சௌசௌக்காயை நீட்டினாள். அவர் வாங்கித் தடவிப் பார்த்து, "பிஞ்சா இருக்கே, கூட்டு வச்சா நல்லா இருக்கும்" என்றார். அடுத்த வாரம் வந்து, "என் வீட்டுக்காரி இன்னும் ரெண்டு கேட்டா" என்று கேட்டே வாங்கிப் போனார். அன்றைக்கு அம்மா பாட்டுப் பாடிக்கொண்டே பாத்திரம் துலக்கினாள். தோட்டம் பூட்டிய பிறகு அவள் பாடி நான் கேட்டது அன்றுதான்.

இரண்டு பேர் கொடுத்ததும் ஒரே அரிசிதான், பசிக்கும் ஒன்றுபோலத்தான் உதவியது. ஆனால் வாத்தியார் எங்களைக் கொடுக்கவும் விட்டார்.

ரொம்ப வருடம் கழித்து, பி.எட். படிக்கும்போது ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தேன். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஸ்டெஃபனி பிரவுன் என்பவரும் அவருடைய குழுவினரும் 2003-ல் வெளியிட்டது. வயதான தம்பதிகள் 423 ஜோடிகளை ஐந்து வருடம் கவனித்திருக்கிறார்கள். உறவுக்காரர்களுக்கும் அண்டை வீட்டாருக்கும் கை கொடுத்து உதவியவர்கள், துணைக்கு மனத்தால் தாங்கலாக இருந்தவர்கள், இவர்களிடையே அந்த ஐந்து வருடத்தில் இறப்பு குறைவாக இருந்தது. உதவியைப் பெற்றுக்கொண்டதற்கு மட்டும் அப்படிப் பலன் எதுவும் தெரியவில்லை. கொடுக்கிறவர்கள் உடம்பு நன்றாக இருப்பவர்களாக இருந்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். அந்த வித்தியாசத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகுதான் இந்த முடிவுக்கு வந்திருக்கிறார்கள். படித்ததும் எனக்கு அம்மாவின் கையில் இருந்த சௌசௌக்காய்தான் நினைவுக்கு வந்தது. ஆனால் என் துக்கம் வந்தபோது, படித்தது எதுவும் உதவிக்கு வரவில்லை.

வந்தது எட்டாம் நம்பர் பெரியம்மா.

டிசம்பர் இரண்டாவது சனிக்கிழமை அம்மாவின் லயத்தை ஒதுங்க வைக்கப் போயிருந்தேன். கிராஜுவிட்டி கைக்கு வராததால் இத்தனை வருடமும் வீட்டைக் காலி செய்யாமல் இருந்தவர்கள் அம்மாவும் பெரியம்மாவும். பெரியம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறார், எழுபது தாண்டிவிட்டது. நான் அம்மாவின் சேலைகளை மடித்துக்கொண்டிருந்தபோது வாசலில் வந்து உட்கார்ந்தார். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன்.

"ஏத்தா, இந்தக் கிறிஸ்மசுக்கு அச்சு முறுக்கு யாரு சுடுறது?"

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. அம்மா போன வீட்டில் முறுக்கா என்று கேட்டேவிட்டேன்.

"ஆமாத்தா. உங்கம்மா போனா முறுக்கும் போயிருமா? தோட்டம் பூட்டின வருசம்கூட அவ நிறுத்தல. வீட்டுக்கு ஒண்ணே ஒண்ணு குடுத்தா. நீ சுடு. எனக்குப் பல்லு இல்ல, சாயாவுல நனைச்சுத் தின்னுக்கிறேன்."

சொல்லிவிட்டு உள்ளே போய், எண்ணெய்த் துணியில் சுற்றிய எதையோ எடுத்து வந்து மடியில் வைத்தார். அம்மாவின் முறுக்கு அச்சு. சாகுமுன் அவரிடம் கொடுத்து வைத்திருக்கிறாள். என்னிடம் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் நான் அதைப் பெட்டிக்கு அடியில் போட்டிருப்பேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

அச்சு முறுக்கு சுடுவது பொறுமையான வேலை. பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் காயவிட்டு, இடித்துச் சலிக்க வேண்டும். தேங்காயைத் துருவிக் கெட்டிப் பால் எடுத்து, முட்டை, சீனி, ஒரு சிட்டிகை உப்பு, கறுப்பு எள் சேர்த்து, தோசை மாவைவிடக் கொஞ்சம் இளக்கமாகக் கரைக்க வேண்டும். அச்சு எண்ணெயிலேயே கிடந்து நன்றாகச் சுட வேண்டும். சுடாத அச்சில் மாவு பிடிக்காது. மாவில் முக்கும்போது முக்கால் உயரம்தான் முக்கணும். மேல் விளிம்பை மாவு மூடிவிட்டால் முறுக்கு அச்சைக் கவ்விக்கொண்டு வெளியே வராது. முக்கியதும் ஸ்ஸ் என்று ஒரு சத்தம் வரும், அப்படியே எண்ணெய்க்குள் இறக்கி லேசாக ஆட்டினால் பூ மாதிரி கழன்று மிதக்கும்.

எனக்கு முதல் பன்னிரண்டு முறுக்கு கழலவே இல்லை. ஒவ்வொன்றையும் கம்பியால் நோண்டி எடுத்தேன். பதின்மூன்றாவது கழன்றது. அது தானாக அச்சை விட்டு நழுவி எண்ணெயில் சுழன்றபோது வாய்விட்டு அழுதுவிட்டேன். அது வரைக்கும் அழுத அழுகை வேறு, இது வேறு. அழுதுகொண்டே அடுத்ததை முக்கினேன். மாவு காத்திருக்காது, எண்ணெய் காத்திருக்காது. ராத்திரி பதினொரு மணிக்குக் கை வலிக்க வலிக்க எண்ணிப் பார்த்தேன், இருநூற்றுச் சொச்சம் இருந்தது. அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் பக்கத்து லயங்களையும் சேர்த்து இருபத்தாறு வீட்டுக்கும் போனேன். பாதி வீடுகளில் இப்போது பழைய ஆட்கள் இல்லை. வடக்கே இருந்து வேலைக்கு வந்த குடும்பங்கள் இருக்கிறார்கள், அவர்கள் பேச்சு எனக்குப் புரியாது. ஒரு சின்னப் பெண் முறுக்கின் ஓட்டை வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தாள். பழைய வீடுகளில் உட்கார வைத்து அம்மாவைப் பற்றிப் பேசினார்கள். எனக்கே தெரியாத அம்மா பத்துப் பேர் வாயிலிருந்து எழுந்து வந்தாள். வீட்டில் உட்கார்ந்து சாப்பாடு வாங்கிக்கொண்டிருந்த வரைக்கும் அவள் செத்துப்போனவள்தான். அன்றைக்கு ஊரெல்லாம் இருந்தாள்.

எலிசபெத் டன், லாரா அக்னின், மைக்கேல் நார்ட்டன் மூவரும் 2008-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கனடாவில் காலையில் 46 பேரிடம் ஆளுக்கு ஒரு கவர் கொடுத்தார்கள். சிலருக்கு 5 டாலர், சிலருக்கு 20 டாலர். மாலை ஐந்து மணிக்குள் செலவழிக்க வேண்டும். சிலர் தங்களுக்காக, சிலர் இன்னொருவருக்காக. மாலையில் கேட்டபோது, பிறருக்குச் செலவழித்தவர்கள்தான் கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்கள். ஐந்தா இருபதா என்பதால் வித்தியாசமே இல்லை. எது மகிழ்ச்சி தரும் என்று வேறு சிலரிடம் முன்கூட்டிக் கேட்டால், தனக்குச் செலவழிப்பதுதான், அதுவும் இருபது டாலர்தான் என்றார்களாம். என் மனமும் அந்த டிசம்பரில் அப்படித்தான் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தது. ஓய்வு வேண்டும், யாரையும் பார்க்க வேண்டாம், எனக்கென்று கொஞ்ச நாள் வேண்டும் என்று. எனக்கு வேண்டியிருந்தது இருபத்தாறு வாசல்.

ஆனால் கொடுப்பது எல்லாமே மனசை லேசாக்கும் என்று நான் சொல்லவில்லை. பண்டிகைக் காலத்தில் நோட்டும் பேனாவுமாக வந்து நின்று, பக்கத்து வீட்டுக்காரர் எழுதிய தொகையைக் காட்டி வாங்கிப் போகும் வசூலில் யார் மனசு லேசாகியிருக்கிறது? முறை செய்தே தீர வேண்டும் என்று கடன் வாங்கிச் செய்கிற சீரும் அப்படித்தான். நெட்டா வெய்ன்ஸ்டீன், ரிச்சர்ட் ரையன் இருவரும் 2010-ல் வெளியிட்ட ஆய்வில் இதைத்தான் பார்த்தார்கள். தானாக விரும்பி உதவியவர்களுக்குத்தான் மனநிறைவு கூடியது. வற்புறுத்தலால் உதவியவர்களுக்குக் கூடவில்லை. பெற்றுக்கொண்டவர்களுக்கும், விரும்பிக் கொடுத்தவரிடம் வாங்கியபோதுதான் நிறைவு அதிகம். பெரியம்மா என்னை வற்புறுத்தவில்லையா என்று கேட்கலாம். அவர் கேட்டார், அச்சை மடியில் வைத்தார், எழுந்து போய்விட்டார். அரிசியை ஊறப்போட்டது நான்தான்.

இந்த எல்லையில் இருப்பவர்களுக்கு 2011 டிசம்பரும் மறக்காது. முல்லைப் பெரியாறு அணைப் பிரச்சினையில் குமுளி மலைப்பாதை அடைபட்டது, 144 போட்டார்கள், கீழேயிருந்து காய்கறி, பால் வண்டிகள் ஏறவில்லை. தோட்ட வேலைக்கு வந்திருந்த தமிழர்கள் பலர் பயந்து காட்டு வழியாகத் தேனிப் பக்கம் இறங்கினார்கள். மலையாளிகளும் தமிழர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூசிய நாட்கள் அவை. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், சாலை வளைவில் கடை வைத்திருந்த சேட்டன் ஒருவர் இருட்டியபிறகு ஒரு குப்பி தேங்காய் எண்ணெயும் ஒரு முழுத் தேங்காயும் கொண்டு வந்து எங்கள் வராந்தாவில் வைத்தார். "முறுக்கு இல்லாம எங்க வீட்டுப் பிள்ளைங்களுக்குக் கிறிஸ்மஸ் இல்ல" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அம்மா அன்று ராத்திரியே சுட்டாள். விடியுமுன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, டின்னைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள். பயமாக இல்லையா என்று கேட்டேன். "கேட்டு வாங்குற வீட்டுக்குப் போக என்ன பயம்" என்றாள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். முறுக்கு சுட்டதோடு என் துக்கம் தீர்ந்துவிடவில்லை. ஜனவரியில் மறுபடி தூக்கம் போனது, டாக்டரிடம் போனேன், சில மாதம் மாத்திரை சாப்பிட்டேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. படுக்கையை விட்டு எழவே முடியாத ஒருவரிடம் போய், நாலு பேருக்கு உதவி செய், சரியாகிவிடும் என்று சொல்வது கொடுமை. அப்படி இருப்பவர்கள், அல்லது வீட்டில் அப்படி யாரையாவது பார்ப்பவர்கள், 14416 என்ற எண்ணைக் கூப்பிடலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. கட்டணம் இல்லை, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். முதல் தடவை மலையாளத்தில் பேச ஆரம்பித்து, அழுகை வந்ததும் தமிழுக்கு மாறினேன். அந்தப் பக்கம் இருந்தவர் பொறுமையாகக் கேட்டார்.

ஆனால் எழுந்து உட்காரும் அளவுக்குத் தெம்பு வந்தவர்களிடம் நாம் சும்மா இரு, சும்மா இரு என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம். துக்க வீட்டுக்குப் போகும்போது இப்போதெல்லாம் சாப்பாட்டோடு ஒரு வேண்டுகோளையும் கொண்டு போகிறேன். போன வருடம் கணவரை இழந்த ஒரு டீச்சரிடம், அவர் போடும் மீன் ஊறுகாய் எனக்கு வேண்டும் என்று கேட்டேன். முறைத்தார். இருபது நாள் கழித்து மூன்று பாட்டில் கொடுத்தனுப்பினார், ஒன்று எனக்கு, இரண்டு வேறு யார் யாருக்கோ. பள்ளிக்கூடத்தில் அம்மா இல்லாத ஒரு பையனிடம், கிறிஸ்துமஸ் நட்சத்திரம் ஒட்டத் தெரியுமா, என் வகுப்புக்கு ஒன்று வேண்டும் என்றேன். மூங்கில் சிம்பு அவனே வெட்டி வந்தான். இப்போது அது எங்கள் வகுப்பு வாசலில் தொங்குகிறது. ஒரு முனை கொஞ்சம் வளைந்திருக்கும், அதை யாரையும் சரிசெய்ய விடமாட்டேன்.

இந்த டிசம்பரிலும் முறுக்கு சுட்டேன். இப்போது மூன்று, நாலோடு அச்சு பழகிவிடுகிறது. நட்சத்திரமும் இரண்டு வாங்கினேன். ஒன்றை எட்டாம் நம்பர் வாசலில் கட்டிவிட்டு, பழைய பால்பவுடர் டின் நிறைய முறுக்கைப் பெரியம்மாவிடம் கொடுத்தேன். ஒன்றைச் சாயாவில் நனைத்து வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு சப்பினார்.

"உங்கம்மா எள்ளு இன்னும் கொஞ்சம் போடுவா" என்றார்.

டின்னை நேற்று ஜீப்காரரிடம் கொடுத்தனுப்பியிருந்தார். திறந்தேன். அடியில் ஒரு பிடி காந்தாரி மிளகாய், அதற்கு மேல் சின்னத் துணி முடிச்சில் கறுப்பு எள்.